இராசம்மாவும் ருக்மணி தேவியும்: கொழும்புக் கொம்பனி அரங்கிற் பெண்ணின் உழைப்பு

1

கொழும்பு மாநகரின் கொம்பனித்தெரு, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனியால் அப்பெயரைப் பெற்றது. அக்கொம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடமும் அதுவே. ஆங்கிலேயர் அதனை ‘ஸ்லேவ் ஐலன்ட்’, அதாவது ‘அடிமைத் தீவு’, என்று தம் ஆவணங்களிற் பதிந்தனர். ஒரே நிலப்பகுதியின் இரு பெயர்களுள் ஒன்று உழைப்பைப் பறித்தவரைச் சுட்டுகிறது. மற்றையது உழைத்தவரைச் சுட்டுகிறது. உழைத்தவர்களின் தனிப்பெயர்களோ இரண்டிலும் இல்லை.

‘கொம்பனி’ என்ற சொல்லுக்கு நம்மிடையே வேறொரு வழக்கும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, பணம் வாங்கி நாடகம் ஆடிய தொழின்முறைக் குழுவும் கொம்பனி எனப்பட்டது. இப்பெயரொற்றுமை வெறும் தற்செயலன்று. நாடகக் கொம்பனியும் முதலீடு, கூலி, நுழைவுச்சீட்டு, இலாபம் என்பவற்றால் இயங்கிய ஒரு வாணிப நிறுவனமே. அங்கும் நிறுவனத்தின் பெயர் நிலைத்தது. உழைத்தவர் பெயர் மறைந்தது, அல்லது மாற்றப்பட்டது.

இங்ஙனம் பெயர் மாறிய ஒருவரே இக்கட்டுரையின் பொருள். 1923 ஜனவரி 15இல், மலையகத்தின் இறம்பொடையில், டெய்சி இராசம்மா டானியல்ஸ் எனும் பெயருடன் ஒரு பெண்குழந்தை பிறந்தது. ருக்மணி தேவி என்ற பெயரில் அவர் சிங்கள நாடக மேடையினதும் சிங்களத் திரைப்படத்தினதும் முதற் பெரும் நடிகையாக விளங்கினார். சிங்களக் கலை வரலாறு அவரை ‘இலங்கையின் இசைக்குயில்’ எனப் போற்றுகிறது. தமிழ் நாடக வரலாறு அவரைக் குறிப்பிடுவதேயில்லை எனலாம். இப்போற்றுதலும் இம்மௌனமும் ஒரே பார்வைக் குறையின் இரு பக்கங்கள் என்பதே நமது வாதமாகும்.

2

இவ்வாதத்தை விளக்குவதற்குக் கொழும்பின் தொழின்முறை அரங்கு தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் தகும். 1877இல் சி. டொன் பஸ்தியன் ‘ரொலினா’ நாடகத்தை மேடையேற்றியதுடன் நூர்த்தி எனப்படும் நாடகவகை சிங்களத்தில் வேரூன்றத் தொடங்கியது. 1880களில் பம்பாயிலிருந்து வந்த எல்பின்ஸ்டன் நாடகக் கொம்பனியின் பார்சி நாடகங்கள் அதற்கு வடிவத்தைத் தந்தன. திரைச்சீலைகள், இந்துஸ்தானி மெட்டுகள், பகட்டான உடைகள், இடையிடையே நகைச்சுவைக் காட்சிகள் என்ற அமைப்பு அவ்வழி வந்ததே. ஜோன் த சில்வா தம் நாடகங்களுக்கு இசையமைக்க விஸ்வநாத் லௌஜி என்ற இந்திய இசைவாணரை அழைத்தார். 1911 டிசம்பரில் மருதானையில் டவர் மண்டபம் திறக்கப்பட்டபோது சிங்கள பௌத்த மறுமலர்ச்சிக்கு ஒரு மேடை கிடைத்தது. ஆயின் அம்மேடையின் இசையும் திரையும் நடிப்பு முறையும் வட இந்திய வாணிப அரங்கினின்று பெறப்பட்டவை.

தமிழரங்கின் நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டி தமிழ் நாடகக் கொம்பனிகளின் களமாக விளங்கியது. தென்னிந்தியக் குழுவினர்க்குக் கொழும்பு இன்றியமையாத சந்தையாயிற்று. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே புகையிரதத்தோடு இணைந்த கப்பற் சேவை தொடங்கிய பின்னர் இப்போக்குவரவு இன்னும் இலகுவாயிற்று. கே. பி. சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் 1920களில் இணைந்து நடித்துப் புகழ்பெற்றது கொழும்பு மேடையிலேயே என்பதை நாம் மறத்தலாகாது.

சுருங்கக்கூறின், சிங்கள அரங்கு, தமிழ் அரங்கு என்று நாம் பின்னாளில் தனித்தனியே வரலாறு எழுதிய இரண்டும் ஒரே நகரில், ஒரே வாணிப முறைமையில், ஒரே நடிப்பு மரபைப் பகிர்ந்து வளர்ந்தவை. மொழி வேறாயினும் உற்பத்தி முறை ஒன்றே.

அம்முறையிற் பெண்ணின் நிலை யாது? தொடக்கத்திற் பெண் பாத்திரங்களையும் ஆண்களே நடித்தனர். பெண்கள் மேடையேறியது அறநோக்காலன்று, சந்தையின் தேவையாலேயாகும். பெண்குரலைக் கேட்கச் சனங்கள் பணம் தரத் தயாராயினர். டவர் மண்டபத்தில் அனி பொத்தேஜு, இலக்குமி பாய் போன்றோர் புகழ்பெற்றதும் இசைத்தட்டுக்களில் நடிகையரின் குரல் விற்பனையானதும் இதன் விளைவுகளே. ஆனாற் குரலை விலைகொடுத்து வாங்கிய அதே சமூகம் குரலுக்குரியவளைக் குலமகளாக ஏற்க மறுத்தது. மதிப்புடைய குடும்பத்துப் பெண் மேடையேறலாகாது என்பது நிலவுடைமை ஒழுக்கம். மேடையேறும் பெண்ணின்றி வசூலில்லை என்பது முதலாளித்துவச் சந்தையின் விதி. இவ்விரண்டுக்குமிடையிலான முரண்பாட்டின் சுமையை நடிகையே தாங்கினாள்.

3

இராசம்மாவின் குடும்பம் கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறி, ஐரோப்பியர் ஆட்சியிற் பெரும்பாலும் கிறித்தவத்தைத் தழுவிய இச்சமூகம், ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்னும் மூன்று மொழிகளின் சந்தியில் வாழ்ந்தது. அவர் பெயரிலேயே இவ்வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது: டெய்சி ஆங்கிலேயரின் கொடை, டானியல்ஸ் திருச்சபையின் கொடை, இராசம்மா தமிழின் எச்சம். ‘ருக்மணி தேவி’ என்ற நான்காவது பெயரை நாடக மேடை கொடுத்தது.

அவர் வெள்ளவத்தையிலுள்ள புனித கிளேயர் பாடசாலையிற் பயின்றார். இளமையில் நத்தார் நாடகமொன்றில் நடித்தமை அவரது கலைவாழ்வின் முதற்படி எனக் கூறப்படுகிறது. 1930களின் நடுப்பகுதியில், பதின்ம வயதின் தொடக்கத்திலேயே, சிங்கள இராமாயண நாடகத்திற் சீதையாகத் தோன்றினார். அத்தசாப்தத்தின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து அவர் பாடிய புத்தகயா பற்றிய பாடல் இசைத்தட்டாக வெளிவந்து பெரும் புகழை ஈட்டியது. தமிழ்ப் பெயர் தாங்கிய கிறித்தவச் சிறுமி இந்துக் காப்பியத்தின் நாயகியாகச் சிங்களத்திற் பேசுகிறாள். பௌத்த புனிதத்தலத்தைப் பாடுகிறாள். அதனை நாடு முழுவதும் தன் பாடலாகக் கொள்கிறது. இன, மத எல்லைகள் மாறாதவை என்போர்க்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

எனினும் இதனை ‘நல்லிணக்கம்’ என்று கூறி அமைந்துவிடலாகாது. அதே வெள்ளவத்தையில் 1933இல் நெசவாலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் நடைபெற்றது. ஈராண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவிய இளைஞர்கள் அதனை வழிநடத்தினர். அக்காலத்திற் கொழும்புத் தொழிற்சங்கத் தலைமையின் ஒரு பகுதி, வர்க்க ஒற்றுமையைக் கைவிட்டு, மலையாளத் தொழிலாளருக்கெதிரான இனவாதத்தைப் பேசத் தொடங்கியிருந்தது. ஆலையில் உழைப்பவரைப் பிறப்பால் பிரிக்கும் குரல் ஓங்கிய அவ்வாண்டுகளிலேயே மேடையில் இராசம்மா ருக்மணி ஆகினார். சந்தை அவரைப் பிறப்பால் விலக்கவில்லை. ஆனால் அவரது பிறப்பின் அடையாளத்தைப் பெயர்ப்பலகையினின்று நீக்கிக்கொண்டது.

4

ருக்மணி தேவியின் தொழில் வாழ்வு நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவுடன் இணைந்தது. நாடகாசிரியர் ஜயமான்ன, நகைச்சுவை நடிகர் அவர் தம்பி எடி ஜயமான்ன, கதாநாயகி ருக்மணி தேவி. பின்னர் அவர் எடியை மணந்தார். நூர்த்தியின் அரசர்களையும் புராணங்களையும் விடுத்து, காதல், திருமணம், சொத்து, வாக்குத் தவறுதல் என்ற நகரக் குடும்ப விவகாரங்களை மினர்வா மேடையேற்றியது. நிலவுடைமை மதிப்பீடுகளும் பணப் பொருளாதாரமும் மோதிய வீட்டுக்கூடத்தையே அந்நாடகங்கள் காட்டின. அம்மோதலுக்கு அவை கண்ட தீர்வு பெரும்பாலும் பிற்போக்கானதே. பெண்ணின் பொறுமையும் கற்பும் எல்லாச் சிக்கல்களையும் அவிழ்த்துவிடும் என்ற போதனையை நாம் ஏற்க இயலாது. வேலைக்காரனைச் சிரிப்புக்குரிய பொருளாக்கிய முறையும் அத்தகையதே.

இக்குழுவின் ‘கடவுணு பொறொந்துவ’, அதாவது ‘முறிந்த வாக்குறுதி’, 1947 ஜனவரி 21இல் முதலாவது சிங்களப் பேசும்படமாகக் கொழும்பு கிங்ஸ்லி படமாளிகையில் வெளியாயிற்று. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். நெறிப்படுத்தியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. படம்பிடிக்கப்பட்ட இடம் மதுரைச் சித்திரகலா மூவிடோன். சிங்கள தேசிய சினிமாவின் பிறப்பிடம் வைகைக் கரையாக அமைந்த இவ்வுண்மையை, ‘தேசியக் கலை’ பற்றிப் பேசுவோர் எளிதிற் செரித்துக்கொள்வதில்லை.

இங்கு நம் மையக் கேள்வி எழுகிறது. இந்நாடகங்களையும் இப்படங்களையும் ஆக்கியவர் யார்? ஆவணங்கள் எழுத்தாளரையும் முதலிட்டவரையும் நெறியாளரையும் கூறுகின்றன. ஆனால் கொம்பனி நாடகப் பிரதி அச்சிற் படிக்கும் இலக்கியமன்று. ஒலிபெருக்கியின் துணை குறைந்த கொட்டகையிற் கடைசி வாங்கிலிருப்பவனையும் எட்டும் குரல், பாட்டிலிருந்து பேச்சுக்கும் பேச்சிலிருந்து அழுகைக்கும் மாறும் பயிற்சி, ஒரே காட்சியை இரவுதோறும் புதிதாக்கும் உடலுழைப்பு என்பனவே அதனை நாடகமாக்கின. அவ்வுழைப்பைத் தந்தவர் ஆக்கியோராகக் கணிக்கப்படுவதில்லை. நூலுக்கு ஆசிரியர் இருப்பதுபோல அரங்குக்கும் ஒருவரே ஆசிரியர் என எண்ணுவது தனியுடைமைச் சிந்தனையின் விளைவாகும்.

5

நடிகை தன் அரங்கைத் தானே ஆக்குபவளாக மாறுவதற்கு எவ்வகைச் சூழல் வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள, தமிழகத்தினின்றும் பிரித்தானியாவினின்றும் சில எடுத்துக்காட்டுக்களை ஒப்புநோக்கலாம்.

கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களையே நடிகராகக் கொண்ட கொம்பனியொன்றை நடத்திப் புகழ்பெற்றார். கொம்பனியின் உடைமை பெண்ணின் கைக்கு வந்தமை முக்கியமானது. ஆயின் அவ்வுடைமை தனியொருவருடைய செல்வாக்கிலும் அழகிலும் தங்கியிருந்ததால் அவருக்குப்பின் தொடரவில்லை. திருவையாற்றில் 1911இற் பிறந்த டி. பி. ராஜலக்ஷ்மி, குழந்தை மணத்தின் கொடுமையினின்று மீண்டு நாடக மேடைக்கு வந்தவர். 1931இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி அவரே. நாவலும் எழுதினார். தம் நாவலைத் தழுவி 1936இல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தாமே எழுதி, நெறிப்படுத்தி, தயாரித்தார். நடிகையொருத்தி ஆசிரியை ஆகவியலும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் அதற்குரிய பணத்தைத் தாமே ஈட்டித் தாமே பணயம் வைக்கவேண்டியிருந்தது என்பதும் அச்சான்றின் பகுதியே.

பிரித்தானியாவின் ஜோன் லிட்டில்வூட் இவர்களினின்று வேறுபட்ட பாதையிற் சென்றவர். 1914இல் இலண்டனில் உழைக்கும் வர்க்கச் சூழலிற் பிறந்த அவர், புலமைப்பரிசில் பெற்று அரச நாடகப் பயிற்சிக் கழகத்திற் சேர்ந்தார். அங்கு நிலவிய மேட்டுக்குடிப் பண்பை வெறுத்து வெளியேறினார். 1934இல் மான்செஸ்டரை அடைந்து தொழிலாளர் நாடக இயக்கத்தில் இணைந்தார். பின்னாளில் இவன் மக்கோல் எனப் பெயர்பெற்ற ஜிமி மில்லருடன் சேர்ந்து இயங்கினார். 1945இல் ‘தியேட்டர் வேர்க்ஷொப்’ என்ற குழு உருவாயிற்று. அதன் தொடக்க ஆண்டுகளில் வருவாய் சமமாகப் பங்கிடப்பட்டது. நடித்தவர்களே மேடையைக் கட்டினர், சுவருக்கு நிறம் பூசினர், சமைத்தனர். 1953இல் கிழக்கு இலண்டனின் தொழிலாளர் பகுதியான ஸ்ட்ராட்போர்டிலுள்ள றோயல் அரங்கிற் குழு நிலைகொண்டது. 1955இல் பிரெக்டின் ‘மதர் கரேஜ்’ நாடகத்தை நெறிப்படுத்தியதோடு தலைமைப் பாத்திரத்தையும் லிட்டில்வூட் ஏற்றார். 1958இல் பத்தொன்பது வயதான ஷீலா டிலேனியின் முதல் நாடகத்தை மேடையேற்றினார். 1963இல் முதலாம் உலகப் போரின் ஆவணங்களையும் படைவீரர் பாடல்களையும் கொண்டு ‘ஓ வட் எ லவ்லி வோர்’ நாடகத்தை நடிகர்களும் மற்றையோரும் கூடி உருவாக்கினர். அச்சிட்ட நூல் அந்நாடகத்தைக் குழுவின் ஆக்கமாகவே குறித்தது. ஆக்கியவர் யார் என்ற நம் கேள்விக்கு ஒரு நூலின் தலைப்புப் பக்கமே விடை தந்த அரிய சந்தர்ப்பம் அது.

லிட்டில்வூட்டின் மேதைமையை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் அம்மேதைமைக்கு அடித்தளமிட்டது அமைப்புற்ற தொழிலாளர் இயக்கம் என்பதை வற்புறுத்துகிறோம். அவருக்கும் அரச கலைக்கழகத்தின் ஆதரவு மிகச் சொற்பமாகவே கிடைத்தது. அவரது வெற்றி நாடகங்களை இலண்டனின் வாணிப அரங்குகள் வாங்கிக்கொண்டபோது குழுவின் கட்டுக்கோப்பே குலைந்தது. கூட்டு அரங்கையும் சந்தை விழுங்கவல்லது என்பதை அது காட்டிற்று.

இலங்கையில் நிலைமை யாது? இடதுசாரி இயக்கம் துறைமுகத்திலும் ஆலையிலும் தோட்டத்திலும் வேரூன்றியது. தொழின்முறை அரங்கை அது தன் களமாகக் கொள்ளவில்லை. நடிகையின் உழைப்பை உழைப்பாகக் காணும் பார்வையும் உருவாகவில்லை. ருக்மணி தேவிக்கு ராஜலக்ஷ்மியின் பாதையும் கிட்டவில்லை. லிட்டில்வூட்டின் பாதையும் கிட்டவில்லை. பிறர் எழுதிய சொற்களைத் தன் குரலாற் காவியமாக்குவதே அவர்க்கு விதிக்கப்பட்ட பணியாயிற்று.

6

1956 இலங்கையின் கலை வரலாற்றிலும் அரசியல் வரலாற்றிலும் திருப்புமுனையான ஆண்டு. தனிச் சிங்களச் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறிற்று. நவம்பரில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. டிசம்பரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ திரையிடப்பட்டது. இவ்விரு படைப்புக்களும் கலைத்தரத்தில் உயர்ந்தவை என்பதில் நமக்கு ஐயமில்லை. சரச்சந்திர பயன்படுத்திய நாடகம எனும் கூத்துமரபு தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தோடு உறவுடையது. அவரது முயற்சி பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் கூத்து மீட்புப் பணிக்கும் உந்துதலாயிற்று. 1962இன் ‘கர்ணன் போர்’, 1964இன் ‘இராவணேசன்’ ஆகியவை அதன் பேறுகள்.

ஆயினும் இம்மறுமலர்ச்சியின் வர்க்க உள்ளடக்கத்தையும் நோக்கவேண்டும். பல்கலைக்கழகம் சார்ந்த புத்திஜீவிகள் கிராமத்துக் கலையைத் தேசிய மரபாக உயர்த்தினர். அதே வேளையில் நகரத்துக் கொம்பனி அரங்கை இரவல், மலிவு, தென்னிந்தியப் போலி எனத் தள்ளினர். நாடகம் கூலித்தொழிலாக இருந்த இடத்திற் கற்றோரின் ஆர்வப் பணியாக மாறியது. அம்மாற்றத்தில் நாடகத்தாற் சோறுண்ட பெண்களுக்கு இடமிருக்கவில்லை. ‘தென்னிந்தியப் போலி’ என்ற திறனாய்வுச் சொல், அவ்வாண்டுகளின் அரசியற் சூழலில், கலையை மட்டும் சுட்டி நின்றது என்று கூறுவதும் கடினம்.

முற்போக்குத் திறனாய்வாளராகிய நாமும் இதிற் பங்காளிகளே. வாணிபக் கலை மக்களை மயக்குவது என்று சரியாகவே கூறினோம். ஆனால் அக்கலையை உற்பத்திசெய்த உழைப்பாளியைப் பற்றிக் கேள்வி எழுப்பவில்லை. தேயிலையை விற்ற கொம்பனியைக் கண்டித்தபோது கொழுந்து பறித்தவளை நாம் கண்டிக்கவில்லை. நாடகத்தை விற்ற கொம்பனியைக் கண்டித்தபோது மட்டும் நடிகையையும் சேர்த்தே ஒதுக்கினோம். இத்தவறு கோட்பாட்டுத் தவறு. ஆதலால் இன்னும் திருத்தப்படவேண்டியது.

7

ருக்மணி தேவியின் இறுதி ஆண்டுகள் இத்தவறின் விளைவை உணர்த்துவன. ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் சிங்களத் திரையில் இடம்பெற்ற அவர், 1970களிலும் களியாட்ட விழாக்களிலும் திறந்தவெளி மேடைகளிலும் பாடி வந்தார். 1978 அக்டோபர் 28இல், மாத்தறையில் நிகழ்ச்சியொன்றில் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எல துடெல்லையில் நிகழ்ந்த வாகன விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அடுத்த ஆண்டுச் சரசவிய விழாவில் அவர்க்கு வாழ்நாட் சாதனை விருது வழங்கப்பட்டது. உழைத்துக்கொண்டே இறந்த தொழிலாளிக்கு இறந்தபின் பதக்கம் சூட்டும் வழக்கம் கலைத்துறைக்கு மட்டும் உரியதன்று.

அவர் மறைந்து ஐந்தாண்டுகள் செல்லுமுன் 1983 ஜூலை வந்தது. கொம்பனித்தெருவில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குரிய ரியோ படமாளிகை எரிக்கப்பட்டது. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய தமிழரான கே. வெங்கட் கொலையுண்டார். ஸ்டூடியோவுடன் எரிந்தவற்றுள் சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் அடங்கும். தமிழரின் சொத்தை எரிப்பதாக எண்ணியோர் சிங்களக் கலையின் நினைவையும் சேர்த்தெரித்தனர். இரு இனத்தாரும் கூடி ஆக்கியதை ஓர் இனத்தின் உடைமையாக எழுதிய கலை வரலாறு இத்தீயை மூட்டவில்லை. ஆனால், எரிவது எவருடையது என்பதை மக்கள் அறியாதிருக்கச் செய்ததில் அவ்வரலாற்றுக்கும் பங்குண்டு.

இராசம்மாவைத் தமிழரென உரிமைகோருவது நமது நோக்கமன்று. அது அதே தவறைத் தலைகீழாகச் செய்வதாகும். அவர் நடித்தது சிங்களத்தில். அவரை நேசித்தோர் சிங்கள உழைக்கும் மக்கள். அவ்வுண்மைக்கு எக்குறையும் நேரலாகாது. நாம் வேண்டுவது வேறு. கொழும்பின் அரங்க வரலாறு மொழிவாரியாகவன்றி உழைப்புவாரியாக எழுதப்படவேண்டும். டவர் மண்டபத்தையும் ஜிந்துப்பிட்டியையும் ஒரே நகரத்தின் இரு தொழிற்களங்களாகக் கொண்டு ஆராயவேண்டும். துண்டுப்பிரசுரங்கள், இசைத்தட்டு உறைகள், கொம்பனிக் கணக்குகள், முதிய கலைஞரின் வாய்மொழிகள் ஆகியவற்றைத் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் கூடியிருந்து தொகுக்கவேண்டும். நாடகாசிரியரின் பெயருக்கருகே, பாடியவள், ஆடியவள், உடை தைத்தவள், திரை இழுத்தவன் ஆகியோரின் பெயர்களும் அதில் இடம்பெறவேண்டும். நடிகைக்கு மேடை இட்ட பெயரையும் அவள் வீட்டுப் பெயரையும் ஒருங்கே எழுதுவது அப்பணியின் சிறிய தொடக்கமாக அமையும்.